விதைநெல்லும் சோறும்

'லாஸ்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் ஊர்க் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. திருவண்ணாமலையில் தேரடி வீதியைச் சுற்றி ஊதுவத்தி, உருத்திராட்சம், பித்தளை விளக்கு எல்லாம் விற்கிறார்கள். அவற்றுக்கு நடுவிலேயே, காதில் செருகிக்கொள்ளும் கம்பியில்லாத 'பட்ஸ்'களும் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருக்கின்றன. பாட்டுக் கேட்கிற இளைஞர்கள் இப்போது விலையை விசாரித்த கையோடு இந்தச் சொல்லையும் விசாரிக்கிறார்கள். லாஸ்லெஸ் என்றால் இழப்பில்லாதது. சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில், இம்மாதிரிச் சொற்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எங்கிருந்து எங்கே வருகிற வழியில், எது இழக்கப்படவில்லை என்று கேட்பது வாங்குகிறவனின் உரிமை. சங்கீதத்தைப் பற்றிய சொல்லாக இருப்பதால், அப்படிக் கேட்பது ரசிகனின் கடமையும் ஆகிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு கடையில் இந்தப் பேச்சைக் கேட்டேன்.

"அண்ணே, இதுல லாஸ்லெஸ் வருமா?" என்றான் காலேஜ் பையன் ஒருவன்.

"எல்லாம் வரும் தம்பி. பாட்டு ஆப்ல போயி செட்டிங்க்ஸ்ல ஆன் பண்ணிட்டா வந்துரும்" என்றார் கடைக்காரர்.

கடைக்காரர் பொய் சொல்லிவிடவில்லை. போனுக்கு வரும். போனிலிருந்து காதுக்கு வருமா என்பதைத்தான் பையனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு சாண் தூரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லுக்கு நியாயம் செய்துவிடுவோம். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த ஸி.டி. தட்டில், ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாகப் பதிந்தார்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட் ஆகிறது. இதை அப்படியே வைத்துக்கொண்டால் இடம் நிறையப் பிடிக்கும், சுருக்க வேண்டும். சுருக்குவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆரணிப் பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது. பெட்டியில் இடம் குறைகிறது. எடுத்து விரித்தால் ஓர் இழைகூடக் குறையாத அதே புடவை. 2001-இல் வெளியான ஃபிளாக் என்ற முறை இந்த ஜாதி. பாட்டின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். பிரித்தால் மூலம் பிட்டுக்குப் பிட்டு அப்படியே திரும்பி வரும். இதைத்தான் லாஸ்லெஸ் என்கிறார்கள். இந்த அளவில் அந்தச் சொல் சத்தியமான சொல்.

இன்னொரு வழி, கத்தரிக்கோலை எடுப்பது. உடுத்தினால் கொசுவத்துக்குள் மறைந்துவிடுகிற பகுதி யார் கண்ணிலும் படப்போவதில்லை, அதை வெட்டிவிட்டால் என்ன என்ற யோசனை. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் வளர்த்த எம்.பி.3 இந்த ஜாதி. ஒரு பலத்த ஓசை கேட்கும்போது அதற்குப் பக்கத்துச் சுருதியில் இருக்கும் மெல்லிய ஓசை காதுக்கு எட்டுவதில்லை. தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பு நமக்குக் கேட்கிறதா? எப்படியும் கேட்காததை எதற்குச் சுமக்க வேண்டும் என்று இந்த முறை அதைத் தள்ளிவிடுகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 என்றால், ஸி.டி.யில் இருந்ததில் 11-இல் ஒரு பங்குதான் மிச்சம். பிராண்டன்பர்க் தம் முறையைச் சோதிக்க, ஸூஸான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் ஏதுமில்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டை எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் அந்தக் குரல் சகிக்க முடியாதபடி கெட்டுப்போயிற்று. திரும்பத் திரும்ப அதைக் கேட்டுத்தான் அவர் முறையைத் திருத்தினார். துணையில்லாத ஒரு மனிதக் குரலில் மறைத்து வெட்டுவதற்குக் கொசுவம் அதிகம் கிடையாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 2021 ஜூனில் ஆப்பிள் கம்பெனி தன் பாட்டுச் சந்தாவில் லாஸ்லெஸ்ஸைத் தனிக் கட்டணம் இல்லாமல் சேர்த்துவிட்டது. அதே வருஷம் பிப்ரவரியில் வாக்குக் கொடுத்த ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் அதை நிறைவேற்றியது. இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. 2016-இல் ஐபோனிலிருந்து கம்பி செருகும் துளையை எடுத்துவிட்டார்கள். மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. ஆக, இழப்பில்லாத சங்கீதம் போன் வரைக்கும் வந்து சேர்ந்த காலமும், அதைக் காது வரைக்கும் கொண்டுபோகிற கம்பி காணாமற்போன காலமும் ஏறக்குறைய ஒன்றே. நாவலில் எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

கம்பிக்குப் பதிலாக வந்தது புளூடூத். அதன் பாதை குறுகலானது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.ஸி. என்ற முறை, நல்ல தரத்தில் விநாடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது. ஐபோன் பயன்படுத்தும் ஏ.ஏ.ஸி. சுமார் 256. ஸி.டி.க்குத் தேவையானது 1,411. ஆகவே போனுக்குள் புடவையை விரித்துவிட்டு, மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்துத்தான் காற்றில் அனுப்பியாக வேண்டும். சோனியின் எல்.டி.ஏ.ஸி. என்ற முறை 990 வரைக்கும் போகிறது. அதுவும் வெட்டி அனுப்புகிற முறைதான். குவால்காம் கம்பெனி 2021-இல் அறிவித்த ஆப்டெக்ஸ் லாஸ்லெஸ் உண்மையாகவே ஸி.டி. தரத்தைக் கொண்டுபோகக் கூடியது. ஆனால் போன், பட்ஸ் இரண்டிலும் அந்த முறை இருக்க வேண்டும். அலை நன்றாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதுவும் வெட்ட ஆரம்பித்துவிடும். ஐபோனில் இந்த இரண்டுமே கிடையாது. புளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிள் கம்பெனியே தன் உதவிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்தின் முதல் வரியில் இருக்க வேண்டிய வாக்கியம் உதவிக் குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது.

அலை கிடைக்க வேண்டும் என்றேனே, அதற்கு எங்கள் ஊரைப் போன்ற பரீட்சைக்கூடம் வேறு இல்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், 79 சிறு பாதைகளில், விநாடிக்கு 1,600 தடவை மாறி மாறித் தாவிக்கொண்டு ஓடுகிறது. வைஃபைக்கும் அதே அலைதான். நீர் நிறைந்த மனித உடம்பும் அந்த அலையை விழுங்கும்; போனைப் பின்பையில் போட்டால் பாட்டு விக்குவதற்கு அது ஒரு காரணம். இத்தனை உடம்புக்கும் இத்தனை கருவிக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட பட்ஸ், பாட்டு அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமே என்று தரத்தைத்தான் முதலில் தியாகம் செய்யும். சாலையோரத்துக் குழாய் ஒலிபெருக்கிகள் வேறு இருக்கின்றன. அந்த இடத்தில் லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். இப்படி வெட்டியதால் கேட்கிறவனுக்கு என்ன நஷ்டம்? நன்றாகச் செய்த 256, 320 கிலோபிட் பிரதியையும் மூலத்தையும், எது எது என்று சொல்லாமல் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், பெரும்பாலோருக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை. 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று சொல்லப்படுகிற மனிதக் காது, வயதாக ஆக மேல் சுருதிகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்குக் காதே ஒரு எம்.பி.3 ஆகிக்கொண்டிருக்கிறது. பட்ஸின் ரப்பர் நுனி காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போகும். அந்த நஷ்டத்துக்கு முன்னால் புளூடூத் செய்கிற நஷ்டம் ஒரு பொருட்டல்ல.

அதனால்தான், கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ரசிகர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு. ஒரு ராகத்தைக் கேட்டுவிட்டு அதில் வந்த ஒரு பிடியைப் பற்றிச் சொல்லாமல், எத்தனை கிலோபிட் என்று சொல்லுகிற மனிதர், விருந்துக்குப் போய்விட்டு வாழையிலையின் நீள அகலத்தை அளந்து வந்தவரைப் போன்றவர். அப்படியும் வித்தியாசம் வேண்டுமென்பவருக்குச் சுலபமான வழி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கம்பி வைத்த இயர்போன் கிடைக்கிறது. சார்ஜ் போடும் துளையிலேயே செருகலாம். சாதாரண ஸி.டி. தரத்துக்கு அது போதும். விலை உயர்ந்த பட்ஸ் கொடுக்க முடியாததை மலிவான கம்பி கொடுத்துவிடுகிறது. அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் அமைதியான இடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

அப்படியானால் லாஸ்லெஸ் என்பது வெறும் வியாபார தந்திரமா? அப்படி முடித்துவிட்டால் என் கட்டுரை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் உண்மை அதுவல்ல. விஷயத்தைத் தவறான வாசலில் வைத்து விற்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

எங்கள் ஜில்லா நெல் விளைகிற ஜில்லா. ஆரணி அரிசி ஆலைகளைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆலையில் தீட்டிய அரிசி வெள்ளையாக இருக்கும், சீக்கிரம் வேகும், பசிக்கு உதவும். ஆனால் முளைக்காது. முளைக்க வேண்டுமானால் உமியோடும் தவிட்டோடும் முழுசாக இருக்கிற நெல் வேண்டும். எந்தக் குடியானவனும் தினம் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவதில்லை; பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டான். காதுக்குப் போகிற பாட்டு சோறு. அதைத் தீட்டலாம், தப்பில்லை. லாஸ்லெஸ் என்பது விதைநெல். கேட்பதற்கு அது தேவைப்படாமல் போகலாம். வைத்திருப்பதற்கும் பிரதி எடுப்பதற்கும் அது கட்டாயம் தேவை.

ஏனென்றால் பிரதி என்பது ஒரு தடவையோடு நிற்பதில்லை. வெட்டிய புடவையை வேறு விதமாகக் கட்டினால் வெட்டு வெளியில் தெரிந்துவிடும். எம்.பி.3-யிலிருந்து மறுபடி ஒரு எம்.பி.3, அதிலிருந்து ஒரு வீடியோ, அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் போகும்போது இன்னொரு சுருக்கம் என்று ஒவ்வொரு கையிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. நாலாவது கைக்கு வரும்போது தாளத்தின் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். தவிலில் அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அதன் நிழல் போல ஒரு கரகரப்பு கேட்கும். சுருக்கும் முறையின் தவறு அது. இப்படித் தேய்ந்த பிரதியை இனி எந்த யந்திரத்தாலும் மீட்க முடியாது. 1980-களில் காஸெட்டிலிருந்து காஸெட்டுக்கு எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

இழப்பு என்றால் என்ன என்பதைப் பழைய இசைத்தட்டுகள் நன்றாகக் கற்பிக்கும். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைக் கெய்ஸ்பெர்க் என்ற வெள்ளைக்காரர் பதிவு செய்தார். அந்தக் காலத்து அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். கோயில் வீதியில் மணிக்கணக்கில் தோடி வாசிக்கக் கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடைத்தார்கள். காலம் இழப்பு, மேல் சுருதிகள் இழப்பு, அந்த நாகஸ்வரம் எழுந்த வெளியும் இழப்பு. இத்தனை போன பிறகும் அந்தத் தோடி நிற்கிறது. 1956-இல் அவர் காலமான பிறகு பிறந்தவர்கள்கூட அவரைப் பற்றிப் பேசுகிறார்களென்றால் அதற்கு அந்தத் தட்டுகள் பெரிய காரணம். மேதைக்கு மூன்று நிமிஷம் போதும் என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவருக்கு அது போதவில்லை. நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆகவே கிடைத்த அந்த அளவையும் குறைக்க நமக்கு என்ன அதிகாரம்?

குறைக்கத்தான் செய்கிறார்கள். பழைய தட்டுகளை இணையத்தில் ஏற்றுகிறவர்களில் ஒரு சாரார், ஊசி உரசும் இரைச்சல் காதைக் குடைகிறதென்று அதைத் துடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் இருக்கிற இடத்தில்தான் நாகஸ்வரத்தின் மேல் நாதங்களும் இருக்கின்றன. சீவாளியில் காற்று சீறுகிற ஒலியும் இருக்கிறது. துடைப்பம் எதையும் பார்த்துப் பெருக்குவதில்லை. அப்படித் துடைத்த பிரதிகளைக் கேட்கும்போது வாத்தியம் மழமழவென்று, மெழுகில் செய்தது போல இருக்கிறது. இரைச்சலோடு இருக்கிற பிரதியில், ஒரு மனிதர் மூச்சைப் பிடித்து ஊதுகிறார் என்பது தெரிகிறது. நான் இரைச்சல் கட்சி. துடைத்ததை வெளியிடட்டும், ஆட்சேபமில்லை. துடைக்காததை முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் துடைக்கட்டும். நாளைக்கு இன்னும் நல்ல துடைப்பம் வரும். அதைக் கொண்டு துடைக்க அப்போது மூலம் இருக்க வேண்டும்.

இசைத்தட்டாவது ஒரு காலத்தில் யாரோ பணம் போட்டுப் பதிவு செய்தது. எங்கள் ஜில்லாவின் சொந்தச் சொத்தான தெருக்கூத்துக்கு அந்தப் பாக்கியமும் குறைவு. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை கூத்தை உலகம் அறியச் செய்தது. ஆனால் பெயர் வெளியில் தெரியாமல் எத்தனையோ வாத்தியார்கள் கிராமம் கிராமமாக இரவு முழுவதும் ஆடிப் பாடி வந்திருக்கிறார்கள். முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் சேர்ந்து எழுப்புகிற அந்த ஓசை, விடிய விடிய நடக்கிற விஷயம். மூன்று நிமிஷத் தட்டுக்குள் அது அடங்கியிருக்க முடியாது. இப்போது அடக்குவதற்கு வசதி வந்திருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? கூட்டத்தில் நின்றபடி ஒருவர் போனில் பத்து நிமிஷம் எடுக்கிறார். அது வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுகிறது. எடுத்தவர் போனில் இடமில்லையென்று மூலத்தை அழித்துவிடுகிறார். வாத்தியார் போன பிறகு அவருடைய குரலென்று மிஞ்சுவது, நாலு தடவை தீட்டிய நொய்.

இது பணப் பிரச்னை என்று யாராவது சொன்னால், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. பாதுகாப்புப் பிரதிக்குக் குறைந்தபட்சம் 24 பிட், 48,000 அளவு என்று சொல்லுகிறது. வெட்டிச் சுருக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. அந்தத் தரத்தில் இரண்டு பக்கமும் பதிந்தால் ஒரு மணிக்குச் சுமார் 1 ஜி.பி. ஆகிறது. எட்டு மணி நேரக் கூத்து முழுவதும் 8 ஜி.பி. சுருங்கச் சொன்னால், விரல் நகத்தளவு 32 ஜி.பி. அட்டையில் மூன்று இரவுக் கூத்தை மடிக்காமலே வைத்துவிடலாம். ஃபிளாக்கில் மடித்தால் இன்னும் அதிகம் பிடிக்கும். அந்த அட்டையின் விலை, பட்ஸ் ஒன்றின் விலையில் ஒரு பகுதி. குறைவது பணமல்ல, எதை முழுசாக வைக்க வேண்டும், எதைத் தீட்டலாம் என்ற விவேகம்தான்.

இந்த விவேகம் நமக்குப் புதிதுமல்ல. அருணகிரிநாதர் எங்கள் ஊர்க்காரர். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். திருப்புகழ் 16,000 பாடினார் என்று பரம்பரையாகச் சொல்லுகிறார்கள். இன்று கிடைப்பது 1,300-க்குச் சற்று மேல். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடி அலைந்து, 1894-இல் முதல் தொகுதியை அச்சிட்டிராவிட்டால் இதிலும் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ! கிடைத்த பாட்டுகளில் சொல் பெரும்பாலும் சிதையாமல் நிற்பதற்கு ஒரு காரணம் சந்தம். தத்த, தந்த, தய்ய என்று குறில் நெடில், வல்லினம் மெல்லினம் வரைக்கும் சந்தக் குழிப்பு கட்டிப்போட்டிருக்கிறது. ஏடெழுதுகிறவன் ஓர் எழுத்தை விட்டால் சந்தம் இடறும், படிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஃபிளாக் கோப்பிலும் மூலத்தின் அடையாளமாக ஓர் எண்ணைச் சேர்த்து வைக்கிறார்கள். விரிக்கும்போது அது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். நினைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதிக் காவல்.

ஆனால் அந்தக் காவல் சொல்லுக்கும் தாளத்துக்கும்தான் இருந்தது. அருணகிரியார் எந்த ராகத்தில், எந்த மெட்டில் பாடினார் என்பது போய்விட்டது. இன்று கச்சேரிகளிலும் பஜனைகளிலும் கேட்பவை பிற்காலத்தவர்கள் அமைத்த மெட்டுகள். நல்ல மெட்டுகள்தாம், நானும் ரசிக்கிறேன். இருந்தாலும் கோபுரத்திளையனார் சந்நிதியைக் கடந்து போகும்போது, இந்த இடத்தில் எழுந்த குரல் எப்படியிருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் காலத்தவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை; அவர்களிடம் ஏடும் எழுத்தாணியும் இருந்தன, எதைக் காக்க முடிந்ததோ அதைக் காத்தார்கள். நம்மிடம் எல்லாமே இருக்கிறது. காத்துக்கொள்ளாமல் விட்டால் நமக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் கிடையாது.

ஆகவே வாசகர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், நடக்கவும், பஸ்ஸில் போகவும் அது சௌகரியமான சாமான். அதற்காக லாஸ்லெஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசை வேறு இடத்தில் செலவழிக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா வாங்கிய இசைத்தட்டோ, பாட்டி பாடிய காஸெட்டோ, ஊர்த் திருவிழாவில் எடுத்த டேப்போ கிடக்கக் கூடும். பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால் அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து, வெட்டாமல், துடைக்காமல் ஒரு பிரதி எடுங்கள். எடுத்த பிறகு மூலத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகையவற்றை மதித்துப் பாதுகாக்கின்றன. வீட்டில் வைக்க முடியாதவர்கள் அங்கே விசாரிக்கலாம். பிறகு எல்லோருக்கும் எம்.பி.3-யாகவே அனுப்புங்கள். உறவுக்காரர்கள் பட்ஸில் போட்டுக் கேட்கட்டும். குதிரில் முழு நெல் இருக்கிற வீட்டில் சோற்றை எப்படித் தீட்டினாலும் குற்றமில்லை.